கோழிக்கூண்டு நாற்றம்: கீரைக்குப் போக வேண்டிய சத்து காற்றில் போகும் கதை

சென்னையில் அரை கிரவுண்டு மனையில் வீட்டைக் கட்டி, மிச்சமிருக்கும் கொல்லையில் நாலு கோழியும் ரெண்டு பாத்தி கீரையும் வைத்திருப்பவர்களுக்கு முதலில் வருகிற தொல்லை நாற்றம்தான். வெயில் நாளில் ஒன்றும் தெரியாது. மழை பெய்த மறுநாள் காலையில் கூண்டைத் திறந்தால் கண் எரியும்; பக்கத்து வீட்டிலிருந்து குரல் வரும். உடனே தண்ணீர் அடித்துக் கழுவுகிறோம், இல்லையென்றால் சுண்ணாம்பு தூவுகிறோம். இரண்டுமே நிலைமையை மோசமாக்கும்.

கோழி எச்சத்தைக் கிட்டத்தில் பாருங்கள். கரும்பழுப்பாக ஒரு பகுதி, அதன் மேல் வெள்ளையாகப் பூசியது போல் ஒரு பகுதி இருக்கும். பழுப்பு குடலிலிருந்து வருவது. வெள்ளைதான் கோழியின் சிறுநீர். நாமும் ஆடு மாடுகளும் உடம்பில் மிஞ்சும் தழைச்சத்தை (நைட்ரஜன்) யூரியாவாக்கி நீரில் கரைத்து வெளியேற்றுகிறோம். பறவைகள் அதை யூரிக் அமிலமாக்கி, பசை போல் வெளியே தள்ளுகின்றன. தண்ணீர் மிச்சம். இன்னொரு வசதியும் உண்டு. 21 நாள் ஓட்டுக்குள் அடைபட்டு வளரும் குஞ்சுக்குக் கழிவைக் கொட்ட வெளியிடம் கிடையாது. யூரியா என்றால் கரைந்து குவிந்து குஞ்சையே பாதிக்கும். யூரிக் அமிலம் நீரில் அநேகமாகக் கரையாது. படிகமாகி, தனிப் பையில் ஒதுங்கிக் கிடக்கும்.

அந்தக் கரையாத குணத்தால்தான் காய்ந்த எச்சம் அவ்வளவாக நாறுவதில்லை. ஈரம் கிடைத்ததும் பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்குகின்றன: யூரிக் அமிலம் படிப்படியாக யூரியாவாகிறது, யூரியா அம்மோனியாவாகிறது. சுற்றிலும் அமிலத்தன்மை இருந்தால் அம்மோனியா, அம்மோனியமாக மாறி ஈரத்திலேயே தங்கிவிடும். காரத்தன்மை ஏறினால் வாயுவாகப் பறக்கும். சுண்ணாம்பும் அடுப்புச் சாம்பலும் காரம். அவற்றை ஈரக் கூளத்தில் தூவுவது, தங்கியிருக்கும் அம்மோனியாவையும் கிளப்பிவிடும் வேலை. கூண்டுக் காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் அம்மோனியா போனால் கோழியின் மூச்சுப்பாதை கெடத் தொடங்கும். சளி நோய்கள் எளிதில் பிடிக்கும்.

பறந்து போவது காசும்தான். முட்டைக்கோழி ஒன்று நாளுக்கு 100 கிராமுக்குக் குறையாமல் தீவனம் தின்னும். அதிலுள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் முட்டைக்குப் போவதில்லை, எச்சத்தில் வந்துவிடுகிறது. நாலு கோழிக்குக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு இரண்டு கிலோ தழைச்சத்துக்குக் குறையாது. நாலு கிலோவுக்கு மேல் யூரியா வாங்கினால்தான் அவ்வளவு கிடைக்கும்.

இதைப் பிடித்து வைக்க வழி ஆழ்கூளம். தரையில் அரை அடிக்குச் சருகு, மரத்தூள், தென்னை நார்க்கழிவு, கடலைத்தோல் என்று எது மலிவாகக் கிடைக்கிறதோ அதைப் பரப்பிவிட வேண்டும். பாக்டீரியாவுக்கு ஒரு பங்கு தழைச்சத்தோடு 25, 30 பங்கு கார்பன் வேண்டும். கோழி எச்சத்தில் பத்துப் பங்குகூடத் தேறாது. கார்பன் பற்றாத இடத்தில் மிஞ்சும் தழைச்சத்துதான் அம்மோனியாவாகிறது. சருகு அந்தக் குறையை நிரப்பினால், பாக்டீரியாக்கள் தழைச்சத்தைத் தங்கள் உடம்பிலேயே சேர்த்துக்கொள்ளும். நார்க்கழிவு தன் எடையைப் போல் பல மடங்கு தண்ணீர் உறிஞ்சும் என்பதால் மழைக்காலத்துக்கு அதுதான் என் முதல் தேர்வு. உமி மக்க ரொம்ப நாளாகும். கிளறிக் காற்றோட்டம் தரும் வேலையைக் கோழிகளே பார்த்துக்கொள்ளும். நடுவில் கொஞ்சம் தானியத்தை வீசினால் போதும்.

ஈரம் சரியா என்று கையிலேயே பார்க்கலாம். ஒரு பிடி கூளத்தை இறுக்கி விரியுங்கள். லேசாகச் சேர்ந்து உடனே உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டை போல் உருண்டு நின்றால் ஈரம் அதிகம். காய்ந்த சருகைச் சேர்த்து, கூரை எங்கே ஒழுகுகிறது, தண்ணீர்க் கிண்ணம் எங்கே சிந்துகிறது என்று பார்க்க வேண்டும்.

பழைய கூளத்தை அப்படியே கீரைப் பாத்தியில் போடக்கூடாது. கோழி எரு சூடு என்று விவசாயிகள் சொல்வது வெறும் பேச்சல்ல: அம்மோனியாவும் உப்பும் வேரைக் கருக்கும், சால்மோனெல்லா கிருமியும் இருக்கலாம். இடுப்பளவு குவித்து, பிழிந்த துணி அளவுக்கு ஈரமாக்கினால் குவியலின் நடுவில் 55 முதல் 65 டிகிரி வரை சூடேறும். வெளிப்புறம் உள்ளே போகும்படி சிலமுறை புரட்டிப் போட்டால் கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் செத்துவிடும். சூடு தணிந்த பிறகு வேறு வகை பாக்டீரியாக்கள் வந்து அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும். அப்புறம் அதில் மண்வாசனை வரும். அதுவரை பொறுக்கத்தான் வேண்டும்.

எத்தனை கோழி வைக்கலாம் என்பதைக் கூண்டின் அளவை வைத்து முடிவு செய்கிறார்கள். பாத்தியின் அளவைத்தான் பார்க்க வேண்டும். கீரைக்கு ஒரு அறுப்புக்குச் சதுர மீட்டருக்குப் பத்து கிராம் தழைச்சத்து தாராளம். இருபது சதுர மீட்டரில் ஆண்டுக்கு ஆறு முறை விதைத்தாலும் 1.2 கிலோதான் ஆகிறது. அதற்கு நாலு கோழியின் எச்சமே போதும், மிஞ்சவும் செய்யும். பத்துக் கோழி வைத்து அத்தனை எருவையும் அதே பாத்தியில் கொட்டினால், செடி எடுக்காத நைட்ரேட் மழைநீரோடு கீழே இறங்கும். மண் அதைப் பிடித்து வைக்காது. அதே மனையில்தான் கிணறோ போர்வெல்லோ இருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் கூடாது என்பது இந்தியத் தர அளவு. கொதிக்க வைத்தாலும் அது போகாது. கோழி கூடினால் கூடுதல் எருவை மக்க வைத்துப் பக்கத்துத் தெருவில் மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.