நெஃப்ரொனாஃப்திசிஸ்: இது டி.பி. இல்லை, அப்பத்தா

பதினொரு வயதுப் பேரனை வெளியே உட்காரவைத்துவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார் அந்த அப்பத்தா: "எங்க வம்சத்துல யாருக்கும் டி.பி. கெடையாது தாயி. இவனுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு?"

பையனுக்கு இருப்பது பிறவிச் சிறுநீரக நோய். பெயர் நெஃப்ரொனாஃப்திசிஸ். வேறோர் இடத்தில் எழுதிக் கொடுத்த தாளில், ஆங்கிலப் பெயரின் நடுவிலிருந்த 'நோ' விட்டுப்போய் 'நெஃப்ரோஃப்திசிஸ்' ஆகியிருந்தது. கல்லூரியில் படிக்கும் சித்தப்பா அகராதியைப் புரட்டியிருக்கிறார். பழைய மருத்துவ அகராதிகளில் அந்தச் சொல்லுக்குச் சிறுநீரகக் காசநோய் என்றுதான் பொருள். அவர் மேல் தப்பில்லை.

சரியான பெயரைப் பிரித்தால் நெஃப்ரான், ஃப்திசிஸ். நெஃப்ரான் என்பது சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அலகு. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் இருக்கும். ஃப்திசிஸ் என்றால் கிரேக்கத்தில் தேய்ந்துபோதல். உடம்பை உருக்குவதால் காசநோய்க்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது; நாம் எலும்புருக்கி என்றும் க்ஷயம் என்றும் சொன்னதைப் போல. வேடிக்கை என்னவென்றால், வடமொழி க்ஷயமும் கிரேக்க ஃப்திசிஸும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்கிறார்கள் மொழியியலாளர்கள். கண் மருத்துவர்கள் சுருங்கிப்போன கண்விழியை இதே சொல்லால் இன்றும் 'தைசிஸ் பல்பி' என்கிறார்கள். அதிலும் காசநோய் இல்லை.

இந்தப் பெயரை 1951-இல் வைத்தவர் சூரிச்சின் குழந்தை மருத்துவர் கைடோ ஃபான்கோனி. அவர் பெயரிலேயே ஓர் இரத்தசோகையும் வேறொரு சிறுநீரகக் கோளாறும் உண்டு. மூன்றும் வெவ்வேறு, இணையத்தில் தேடுகிறவர்கள் குழம்பிவிட வேண்டாம்.

எழுத்துக் கூட்டுவதில் இன்னொரு வழுக்கலும் உண்டு. பி, ஹெச், டி, ஹெச் என்று நான்கு மெய்கள் வரிசையாக வரும். முதல் ஹெச்சை விழுங்காதவர்கள் குறைவு. டிஃப்தீரியாவிலும் ஆஃப்தல்மாலஜியிலும் விழுங்குவது இதே ஹெச்சைத்தான். "பிஎச்.டி. முடிச்சவங்களுக்குத்தான் இது எழுத வரும் மேடம்" என்பார் எங்கள் செவிலியர். மரபணுப் பரிசோதனைப் படிவத்தில் நான் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, என்.பி.ஹெச்.பி. என்ற சுருக்கத்தையும் பக்கத்தில் போட்டுவிடுவேன்.

பெயரைவிட முக்கியமானது தாகம். இந்தப் பையன் இரவில் இரண்டு முறை எழுந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பான். ஆறு வயதில் நின்றுபோன படுக்கை நனைத்தல் ஒன்பதில் திரும்பி வந்தது. "சோம்பேறி" என்று அடி வாங்கியிருக்கிறான். சிறுநீரைச் செறிவாக்கும் திறன்தான் இந்த நோயில் முதலில் போகும். போகிற நீருக்கு ஈடாகக் குழந்தை குடித்துக்கொண்டே இருக்கும். முகம் வீங்காது. பெரும்பாலும் இரத்த அழுத்தமும் ஏறாது, சிறுநீரில் புரதமும் தெரியாது. "யூரின் நார்மல்" என்று அனுப்பிவிடுவார்கள். வளர்த்தி குறையும், முகம் வெளுக்கும், இரும்புச்சத்து மாத்திரை மாதக்கணக்கில் ஓடும். ஸ்கேனில் சிறுநீரகம் சரியான அளவிலோ சற்றுச் சிறிதாகவோ தெரியும். நீர்க்கட்டிகள் பிந்தித்தான் வரும். இளம்பருவ வகையில் சிறுநீரகம் முற்றிலும் செயலிழப்பது சராசரியாக 13 வயதில். அதனால் பள்ளி வயதில் தாகம், திரும்பி வந்த படுக்கை நனைத்தல், காரணம் தெரியாத இரத்தசோகை மூன்றும் சேர்ந்தால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் பாருங்கள். விடியற்காலைச் சிறுநீரின் அடர்த்தியையும் பாருங்கள்.

பையனின் அம்மா, அப்பாவுக்குச் சொந்த மாமன் மகள். பெற்றோர் இருவரிடமும் பழுதான ஒரு மரபணு ஒளிந்திருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சுமக்கிறவர்களுக்கு நோய் வராது. வம்சத்தில் யாருக்கும் இல்லை என்று அப்பத்தா சொன்னது அதனால்தான். தங்கைக்கும் சோதனை எழுதினேன். சில குழந்தைகளுக்கு விழித்திரையும் கெடும் என்பதால் பையனைக் கண் மருத்துவரிடம் அனுப்பினேன். நோயை நிறுத்த மருந்து இல்லை. ஆனால் மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் அதில் இது திரும்ப வராது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட அப்பத்தா கடைசியில் கேட்டார்: "அப்ப அவன் தட்டு, சொம்பைத் தனியா வைக்க வேணாமா?"

மூன்று வாரமாக அப்படித்தான் வைத்திருந்தார்களாம்.