இரண்டாம் பாகத்துப் பேய் யாருடையது?

போன ஆடி மாதம் ஒரு தயாரிப்பாளரும் இயக்குநரும் சேர்ந்து என் ஆபீசுக்கு வந்தார்கள். கையில் ஒரு போஸ்டர் டிசைன். கிணற்றுக்குள்ளிருந்து பாதி முகம் மட்டும் தெரிய எட்டிப் பார்க்கும் பாட்டிப் பேய், கீழே பெரிதாக ‘2’. முதல் பாகம் ஆறேழு வருடத்துக்கு முன் வந்த சின்னப் படம். ஒரு வெள்ளிக்கிழமை வந்து அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தியேட்டரை விட்டுப் போய்விட்டது. அப்புறம் டிவியில் மதிய நேரத்தில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். பாட்டி வெற்றிலை இடித்துக்கொண்டே மிரட்டும் காட்சி மீம் ஆனது. யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் படத்துக்கு ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது.

“இப்ப ரெண்டாவது எடுத்தா ஓப்பனிங் நிச்சயம் சார்” என்றார் தயாரிப்பாளர்.

சரி, முதல் பாகத்து அக்ரிமெண்ட்டை எல்லாம் கொடுங்கள் என்றேன். ஒரு பிளாஸ்டிக் கவர் வந்தது. (ஆட்களை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கவரை மாற்றவில்லை.) உள்ளே நூறு ரூபாய் முத்திரைத்தாளில் இயக்குநரின் சம்பளம், நான்கு தவணையாக. நெகட்டிவ் உரிமையை, அதாவது படத்துக்கே சொந்தக்காரர் ஆகும் உரிமையை, ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்ததன் ஜெராக்ஸ், கடைசிப் பக்கம் இல்லாமல். ஆடியோ கம்பெனியின் கடிதம் ஒன்று. கதை எழுதியவர் வேறொருவர். அவருக்குப் பணம் போன வங்கி ரசீது மட்டும் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றுகூட இல்லை.

சினிமா ஒப்பந்தம் எழுதுவதுதான் எனக்குப் பிழைப்பு. இந்தப் பிளாஸ்டிக் கவரை நான் அதிகம் பார்ப்பது சின்ன பட்ஜெட் பேய்க் காமெடிகளில்தான். காரணம் இருக்கிறது. சின்னப் படம் முடிவதே துண்டு துண்டாக விற்றுத்தான். டப்பிங் தொடங்கப் பணம் வேண்டுமென்றால் ஆடியோ போகும், கிராபிக்ஸுக்கு எஃப்.எம்.எஸ். (வெளிநாட்டு உரிமை) போகும், பைனான்சியரின் கடனை அடைக்கக் கடைசியில் நெகட்டிவே போகும். படத்துக்கு ரசிகர் கூட்டம் சேர்வதோ இதெல்லாம் கைமாறிப் பல வருடம் கழித்து. பெரிய ஹீரோ படத்தில் ஆளை வைத்து அடுத்த படம் எடுத்துவிடலாம். பேய்ப் படத்தில் ஹீரோ பேய்தான். அந்தப் பேய் உங்களிடம் இல்லையென்றால் போஸ்டரில் இருக்கும் ‘2’ வெறும் எண்.

இதற்கு நான் எல்லோரிடமும் சொல்லும் உதாரணம் ‘ஈவில் டெட்’ என்ற அமெரிக்கப் பேய்ப் படம். இயக்குநர் சாம் ரெய்மியும் கூட்டாளிகளும் முதலில் ஒரு குறும்படம் எடுத்து, அதை டெட்ராய்ட் பக்கத்துப் பல் டாக்டர்கள், வக்கீல்கள் என்று ஒவ்வொருவருக்காகப் போட்டுக் காட்டிப் பணம் திரட்டினார்கள். டென்னசி மாநிலத்தில் மோரிஸ்டவுன் அருகே ஒரு காட்டு வீட்டில், குளிரில் விறைத்துக்கொண்டு படப்பிடிப்பு. மொத்தச் செலவு நான்கு லட்சம் டாலருக்குள்தான். 1981-ல் முதல் திரையிடல். பிறகு விற்பனை ஏஜெண்ட் மூலம் நாடு நாடாகப் பிரித்து விற்றார்கள். சின்னப் படம் வேறு எப்படி விற்கும்?

1987-ல் இரண்டாம் பாகம். முதல் பாகம் பார்க்காதவர்களுக்காக ‘முன்கதைச் சுருக்கம்’ வேண்டும். பழைய படத்திலிருந்து சில நிமிடங்களை வெட்டி ஒட்டினால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். முடியவில்லை. அந்தக் காட்சிகளின் உரிமை ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விநியோகஸ்தரிடம் இருந்தது. அத்தனை பேரிடமும் அனுமதி வாங்குவதைவிடத் திரும்ப எடுப்பதே சுலபம் என்று எடுத்துவிட்டார்கள். முதல் படத்தில் அந்த வீட்டுக்குப் போவது ஐந்து பேர். இரண்டாவதில் ஹீரோ ஆஷும் காதலி லிண்டாவும் மட்டும். லிண்டாவாக நடித்தவரும் வேறு ஆள். இது தொடர்ச்சியா, அதே படத்தின் ரீமேக்கா என்று ரசிகர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள். கலை முடிவு என்று நினைத்துக் கட்டுரை எழுதியவர்களும் உண்டு. அடியில் இருந்தது விநியோக ஒப்பந்தம்.

அதோடும் நிற்கவில்லை. மூன்றாவது படம் 1993-ல் யுனிவர்சல் மூலம் வந்தது. முன்கதையை மறுபடியும் எடுத்தார்கள், மூன்றாவதாக ஒரு லிண்டா வந்தார். 2015-ல் அதே ஆஷை வைத்து டிவி தொடர் தொடங்கியபோது, முதல் சீசனில் மூன்றாம் படத்துச் சம்பவங்களைத் தொடக்கூட முடியவில்லை. உரிமை வேறு இடத்தில் இருந்தது. அதே நடிகர், அதே பாத்திரம், உருவாக்கியவர்களும் அதே ஆட்கள். தங்கள் பாத்திரத்துக்கு நடந்ததைப் பற்றி அவர்களே பேசக் கூடாது.

காட்சித் துண்டு விஷயத்தை நம்மூரில் இன்னும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். “நம்ம படம்தானே சார்” என்பார்கள். 2024-ல் ஒரு திருமண ஆவணப்படத்தில் வந்த 3 விநாடிப் படப்பிடிப்புத் தள வீடியோவுக்கு 10 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் போன செய்தியை எல்லோரும் படித்தோம். அதன் பிறகுதான் சிலர் போன் செய்து கேட்கவே ஆரம்பித்தார்கள்.

சரி, கிணற்றுப் பாட்டிக்கு வருவோம்.

‘இரண்டாம் பாகம்’ என்று ஒன்றை 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் எங்கேயும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. படத்தின் உரிமை தயாரிப்பாளருக்கு, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் படம் வேறு, அதற்கு அடியில் இருக்கும் கதையும் திரைக்கதையும் வேறு. ‘ஆரண்ய காண்டம்’ வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2017-ல் சொன்னது இதைத்தான்: தயாரிப்பாளர் தன் படத்தை வேறு மொழியில் டப் செய்யலாம், ஆனால் திரைக்கதை உரிமையை எழுதியவரிடமிருந்து வாங்காமல் ரீமேக் செய்ய முடியாது. ரீமேக்குக்கே இப்படி என்றால், பாட்டியைத் தூக்கிப் புதுக் கதையில் போடுவதற்கும் அதே கேள்வி வரும். சம்பளம் கொடுத்த ரசீது இதற்குப் பதில் ஆகாது. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்து இருக்க வேண்டும் என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது.

அதே பிரிவில் பலர் கவனிக்காத இன்னும் மூன்று சங்கதிகள். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் 5 வருடம்தான். எந்த எல்லைக்குள் என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும்தான், மலேசியாவும் சிங்கப்பூரும் வராது. வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது காலாவதி. ‘இரண்டாம் பாகம் எடுக்கும் உரிமையும் தந்தேன்’ என்று ஒற்றை வரி எழுதி வாங்கிவிட்டு ஆறு வருடம் சும்மா இருப்பவர் கையில் ஒன்றுமே மிஞ்சாமல் போகலாம்.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தயாரிப்பாளர் கவுன்சிலிலோ பிலிம் சேம்பரிலோ பதிவு செய்துவிட்டால் தலைப்பு நமக்கே சொந்தம் என்று நினைக்கிறார்கள். அது உறுப்பினர்களுக்குள் இருக்கும் ஏற்பாடு. தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. தொடராக எடுக்கும் எண்ணம் இருந்தால் பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்யப் பாருங்கள்.

பேயின் முகத்தைப் பற்றி யாருமே கேட்பதில்லை. பாட்டியின் முகமூடியை வார்த்தெடுத்தவர் தனியாக வேலை பார்க்கும் ஒரு மேக்கப் கலைஞர். முன்பல் இரண்டு துருத்தியது, இடது கன்னத்தில் வெற்றிலை அடக்கின வீக்கம், எல்லாம் அவர் கை. அப்படி ஒருவர் செய்த சிற்ப வேலையின் உரிமை, எழுதித் தராதவரை, அவரிடமே நிற்க வாய்ப்பு அதிகம். அச்சு இன்னும் அவர் வீட்டுப் பரணில் இருந்தது. கேட்டதும் எழுதித் தர ஒப்புக்கொண்டார். டைட்டிலில் தனி கார்டு வேண்டும் என்பது ஒன்றே அவர் நிபந்தனை. பாட்டி வரும்போதெல்லாம் ஒலிக்கும் உரல் சத்த பிஜிஎம் ஆடியோ கம்பெனியிடம் போயிருந்தது. அதற்கு விலை சொன்னார்கள், கட்டுப்படியாகும் விலைதான்.

இந்த இடத்தில் சென்சாரையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘ஈவில் டெட்’ இரண்டாம் பாகத்தை வைத்து சான்றிதழ் இல்லாமலும் படத்தை வெளியிட்டுவிடலாம் என்று ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. பெரியவர்களுக்கு மட்டும் என்ற எக்ஸ் ரேட்டிங் வந்துவிடும் என்று பயந்து ரத்தத்துக்குப் பச்சை, கறுப்பு என்றெல்லாம் நிறம் மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் படத்துக்குப் பின்னால் இருந்த டி லாரன்டிஸ் நிறுவனம் தன் பெயரில் வெளியிட முடியாமல், ‘ரோஸ்பட் ரிலீஸிங்’ என்று ஒரு பெயரளவு நிறுவனத்தின் மூலம் ரேட்டிங்கே இல்லாமல் வெளியிட்டது. அங்கே ரேட்டிங் என்பது சட்டம் அல்ல, தொழில் அமைப்பின் ஏற்பாடு. இங்கே சான்றிதழ் இல்லாமல் தியேட்டரில் ஒரு காட்சி ஓட்ட முடியாது. 2023-ல் சட்டம் திருத்தப்பட்டு யு/ஏ என்பது 7+, 13+, 16+ என மூன்றாகிவிட்டது. ‘ஏ’ வாங்கிய படத்தை அப்படியே டிவியில் போட முடியாது, வெட்டி மறுசான்று வாங்க வேண்டும். பேய்க் காமெடிக்கு ரசிகர் கூட்டம் சேர்வதே டிவியில்தான் என்பதால் ரத்தத்தின் அளவைத் திரைக்கதையிலேயே முடிவு செய்துவிடுங்கள். கறுப்புப் பூனை குறுக்கே ஓடினால்கூட விலங்குகள் நல வாரிய அனுமதியைப் படப்பிடிப்புக்கு முன்பே வாங்க வேண்டும். பாதிப் பேர் எடுத்து முடித்துவிட்டு வருகிறார்கள், அப்புறம் பூனை கிராபிக்ஸில் வருகிறது, அந்தப் பூனையைப் பார்த்துத்தான் தியேட்டரில் முதல் சிரிப்பே எழுகிறது.

இரண்டு மாதம் அலைந்தோம். கதை எழுதியவரைத் திருநெல்வேலியில் கண்டுபிடித்தோம். நல்ல மனிதர். தாளை இரண்டு முறை வாசித்துவிட்டுக் கையெழுத்துக்குத் தயார் என்றார். அன்று சாயந்திரம்தான் நெகட்டிவ் வாங்கிய நிறுவனத்திடமிருந்து காணாமல் போன அந்தக் கடைசிப் பக்கம் ஸ்கேன் ஆகி வந்தது. ‘ரீமேக், டப்பிங், முன்பாகம், பின்பாகம், பாத்திரங்கள் உட்பட’ என்று தொடங்கி, எல்லா மொழிக்கும், எல்லா நாட்டுக்கும், சட்டம் அனுமதிக்கும் முழுக் காலத்துக்கும். கீழே தயாரிப்பாளரின் கையெழுத்து. கதாசிரியர் எழுதித் தராத உரிமையை இவர் எப்படிக் கொடுத்தார் என்று நாங்கள் வாதாடலாம். வாதாடி முடிவதற்குள் மீமுக்கும் வயசாகிவிடும். பேசி முடிக்கலாம் என்றால் அவர்கள் சொன்ன தொகை புதுப் படத்தின் பட்ஜெட்டில் பாதிக்கு மேல்.

பாட்டியை விட்டுவிட்டார்கள். புதுப் படத்தில் பேய் ஓய்வுபெற்ற ஒரு பஸ் கண்டக்டர். சில்லறை பாக்கி வைத்தவர்களைத் தேடி வருகிறார். கதை அதே திருநெல்வேலிக்காரர். ஒப்பந்தம் பதினொரு பக்கம். நான்காம் பக்கத்தில் கண்டக்டரின் அடுத்தடுத்த பாகங்கள், வெப் சீரிஸ், பொம்மை, விசில் சத்தம் எல்லாம் யாருக்கு, எத்தனை வருடத்துக்கு, கதாசிரியருக்கு ஒவ்வொன்றிலும் எவ்வளவு என்று இருக்கிறது. அந்தப் பக்கம் வந்ததும் தயாரிப்பாளர் சிரித்தார்.

“முதல்ல இது ஓடட்டும் சார்.”

பேனாவை அவர் கையிலிருந்து வாங்கிக் கதாசிரியரிடம் கொடுத்தேன்.