ஒரே பிக்சலுக்குள் இரண்டு கண்கள்

முன்பு நான் வைத்திருந்த எஸ்எல்ஆர் கேமராவில் ஒரு லென்ஸ் மட்டும் படாத பாடு படுத்தியது. கண்ணில் ஃபோகஸ் வைத்து எடுப்பேன். பெரிதாக்கிப் பார்த்தால் காது மடல் பளிச்சென்று இருக்கும், கண் லேசாக மங்கியிருக்கும். என் கைதான் ஆடுகிறது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கோளாறு கேமராவுக்குள்ளேயே இருந்தது.

எஸ்எல்ஆரில், லென்ஸ் வழியே வரும் ஒளியை 45 டிகிரி சாய்ந்த கண்ணாடி ஒன்று மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். அதன் பின்னால் இருக்கும் இன்னொரு குட்டிக் கண்ணாடி, கொஞ்சம் ஒளியைக் கேமராவின் அடியில் உள்ள ஃபோகஸ் சென்சாருக்குத் திருப்பும். ஃபோகஸ் பார்ப்பது ஒரு சென்சார், படம் பிடிப்பது வேறு சென்சார். இரண்டுக்கும் ஒளி போகும் தூரம் இம்மி பிசகினாலும் கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் காதுக்குப் போய்விடும்.

மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடிகளும் இல்லை, தனி ஃபோகஸ் சென்சாரும் இல்லை. படம் பிடிக்கும் சென்சாரே ஃபோகஸையும் பார்ப்பதால் இந்தப் பிசகுக்கு இடமே இல்லை. புதிய மாடல்களை ஒப்பிட உட்காருபவர்கள் இதைப் பிடித்துக்கொண்டால் போதும், விலை வித்தியாசத்தில் பாதி புரிந்துவிடும்.

ஆரம்பத்தில் இது அவ்வளவு சுகமாக இல்லை. 2008-ல் வந்த, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற சிறிய சென்சார் வகையின் முதல் கேமராவான பானசோனிக் ஜி1, படத்தின் கூர்மையை அளந்து ஃபோகஸ் பிடித்தது. பழைய ரேடியோவில் குமிழைத் திருகி நிலையம் பிடிப்பது போலத்தான். சத்தம் தெளிவாகிக்கொண்டே வரும். சரியான இடத்தைத் தாண்டி மறுபடி கரகரத்த பிறகுதான் தாண்டிவிட்டோம் என்றே தெரியும். அப்புறம் பின்னால் திருக வேண்டும். நிற்கும் பொருளுக்கு இது போதும். ஓடி வரும் குழந்தைக்குப் போதாது.

சரி, எந்தப் பக்கம், எவ்வளவு திருக வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால்? விரலை முகத்துக்கு முன்னால் நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை. விரல் இடம் மாறும். எவ்வளவு மாறுகிறது என்பதிலேயே தூரம் ஒளிந்திருக்கிறது. லென்ஸின் இடது பாதியையும் வலது பாதியையும் இரண்டு கண்களாக நினைத்துக்கொள்ளுங்கள். ஃபோகஸ் சரியாக இருந்தால் இரண்டு பாதிகளும் தரும் பிம்பங்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும். இல்லையென்றால் விலகி நிற்கும். விலகும் திசை, லென்ஸ் நகர வேண்டிய திசையைச் சொல்லும். விலகும் அளவு, நகர வேண்டிய தூரத்தைச் சொல்லும். தேடல் இல்லாமல் ஒரே தாவலில் அருகில் போய்விடலாம்.

கேனான் 2013-ல் 70டி கேமராவில் கொண்டுவந்த டூயல் பிக்சல் முறை இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு பிக்சலையும் இடம் வலமாக இரண்டாகப் பிரித்து, மேலே ஒரே நுண்லென்ஸை வைத்தார்கள். ஃபோகஸ் பார்க்கும்போது இரண்டும் தனித்தனி, படம் பதியும்போது இரண்டும் சேர்ந்து ஒன்று. எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் யோசனைகளில் இது ஒன்று. வேறு பல கேமராக்களில் சில பிக்சல்களின் பாதியை மட்டும் மறைத்து இதே வேலையை வாங்குகிறார்கள். கூர்மையை அளக்கும் முறையிலேயே நீண்ட காலம் நின்ற பானசோனிக்கும் 2023 ஜனவரியில் எஸ்5 2 கேமரா மூலம் இந்தப் பக்கம் வந்துவிட்டது.

ஒரு பலவீனம் உண்டு. பிரிப்பது இடம் வலமாக என்பதால், கிடைக்கோடுகள் மட்டுமே உள்ள காட்சியில் விலகல் தெரியாது. படிக்கட்டையோ ஜன்னல் மறைப்பின் பட்டைகளையோ எடுக்கும்போது ஃபோகஸ் தடுமாறினால் கேமராவைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள், உடனே பிடித்துக்கொள்ளும். 2022-ல் வந்த ஓஎம்-1 கேமரா ஒவ்வொரு பிக்சலையும் நான்காகப் பிரித்து இதைத் தீர்த்தது.

இப்போது விலைக்கு வருவோம். கேனான் ஆர்50, சோனி ஏ9 3 இரண்டும் ஏறக்குறைய 24 மெகாபிக்சல். அறிமுக விலையிலோ கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு வித்தியாசம். சோனியின் சென்சார் பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் பெரியது. சிலிக்கான் தகட்டில் பெரிய சில்லுகள் குறைவாகவே தேறும். இன்னொரு பெரிய காரணம் வேகம். சாதாரண சென்சார் வரி வரியாகப் படிக்கப்படும். ஏ9 3-ல் எல்லா பிக்சல்களும் ஒரே நொடித்துளியில் ஒளியைப் பதிகின்றன. நொடிக்கு 120 படங்கள், நொடிக்கு 120 முறை வரை ஃபோகஸ் கணக்கு. பறவை, பந்தயம் எடுப்பவருக்கு இது உயிர். மற்றவர்களுக்கு அவசியமே இல்லை.

அதனால்தான் விவரப் பட்டியலில் போடும் ஃபோகஸ் புள்ளிகளின், அதாவது படத்தில் கேமரா ஃபோகஸ் பார்க்கக்கூடிய இடங்களின், எண்ணிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கேனான் ஆர்8-ஐ, அதைவிட விலை கூடிய ஆர்6 மார்க் 2-வோடு வைத்துப் பாருங்கள். சென்சார் அதேதான், ஃபோகஸும் ஏறக்குறைய அதேதான். ஆர்8-ன் எடை 461 கிராம், மற்றது 670 கிராம். கூடுதல் பணம் கை நடுக்கத்தை ஈடுகட்டும் அமைப்புக்கும், முழுமையான இயந்திர ஷட்டருக்கும், பெரிய பேட்டரிக்கும், இரண்டாவது கார்டு இடத்துக்கும் போகிறது.

அளவு விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். கண்ணாடி போனதால் லென்ஸ் பொருந்தும் இடத்துக்கும் சென்சாருக்கும் உள்ள தூரம், நிக்கானில் 46.5 மி.மீ.யிலிருந்து 16 மி.மீ. ஆனது. உடல் மெலிந்தது. ஆனால் 200 மி.மீ., எஃப் 2.8 லென்ஸுக்கு 71 மி.மீ. அகல ஒளிவழி தேவை, 200-ஐ 2.8-ஆல் வகுத்தால் வரும் கணக்கு அது, எந்தக் கேமராவில் மாட்டினாலும் மாறாது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் சென்சார் சிறியது என்பதால் அதே காட்சிக்கு 100 மி.மீ. லென்ஸ் போதும், 36 மி.மீ. ஒளிவழி போதும். பையின் கனம் நிஜமாகவே குறையும். சென்சாரில் சேரும் மொத்த ஒளியும் நாலில் ஒரு பங்காகும்.