ரியால் ரேட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கம் சவுதிச் சம்பளத்தில் ஓடும் குடும்பங்களுக்குக் கணக்குப் பார்க்கிற ஆடிட்டர் நான். வருகிறவர்கள் எல்லாரும் கவனிப்பது ஒன்றைத்தான்: இன்றைக்கு ரியால் என்ன ரேட்? அங்கே நிலைமை எப்படி என்பதை அது சொல்லாது.

ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்று 1986-லேயே கட்டிவைத்துவிட்டார்கள். எண்ணெய் விலை விழுந்தால் ரஷ்யாவில் ரூபிளும் கூடவே சரியும், ஊருக்கே தெரிந்துவிடும். ரியால் அசையாது. அடி வேறு வழியில் வரும்.

2014 ஜூனில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 110 டாலருக்கு மேல் போனது. அமெரிக்காவில் பாறையைப் பிளந்து எடுக்கும் ஷேல் எண்ணெய் சந்தையில் குவிய, விலை இறங்கத் தொடங்கியது. நவம்பரில் வியன்னாவில் கூடிய, சவுதி முதலான எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக், உற்பத்தியைக் குறைப்பதில்லை என்று முடிவெடுத்தது. செலவு அதிகமான அமெரிக்கக் கிணறுகள் முதலில் மூடட்டும், நம் வாடிக்கையாளர்களை விடக்கூடாது என்பது சவுதியின் கணக்கு. 2016 ஜனவரியில் விலை 30 டாலருக்கும் கீழே போய்விட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் ரஷ்யாவோடு கைகோத்து உற்பத்தியைக் குறைக்கச் சம்மதித்தார்கள். சிரியாவில் எதிரெதிர் அணியில் நின்றவர்கள்தான் இவர்கள்!

நடுவில் மாட்டிக்கொண்டது நம் ஆட்கள். சவுதி அரசின் வருமானத்தில் பெரும்பகுதி எண்ணெய்ப் பணம். அது குறைந்ததும் கான்ட்ராக்டர்களுக்கான பட்டுவாடா தடைபட்டது, அவர்கள் சம்பளத்தை நிறுத்தினார்கள். 2016-ல் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் சம்பளமின்றி முகாம்களில் கிடந்தார்கள். சாப்பாட்டுக்கே தூதரகம் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. அப்போது வெளியுறவுத் துறை இணை அமைச்சராக இருந்த வி.கே.சிங் நேரில் போனார்.

அந்தக் காலத்தில் ரியால் ரேட் என்ன ஆனது தெரியுமா? 16 ரூபாயிலிருந்து 18-க்கு ஏறியது! ரூபாய் இறங்கியதால் வந்த ஏற்றம். "ரேட்டு ஏறிருச்சு சார், வீட்டுக்கடன் தவணையக் கூட்டிக் கட்டிரலாம்ல?" என்று ஒரு மேஸ்திரியின் மனைவி கேட்டார். பாஸ்புக்கைப் பார்த்தேன். மாதப் பிறப்பில் வந்துகொண்டிருந்த பணம், 20-ம் தேதிக்கு மேல் தள்ளி வந்திருந்தது. அப்புறம் ஒரு மாதம் வரவே இல்லை. தவணையைக் கூட்ட வேண்டாம் என்றேன்.

அடுத்து வந்தது கட்டணம். உடன் வசிக்கும் குடும்பத்தாருக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் என்று 2017 ஜூலையில் தொடங்கி, 2020-ல் அதை 400 ஆக்கினார்கள். 2018-ல் 5 சதவீதமாக வந்த வாட் வரி, 2020 ஜூலையில் 15 ஆனது. மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியே தங்கியவர்கள் என் கோப்புகளிலேயே பலர்.

ஆகவே ரேட்டைவிடச் சம்பளம் விழும் தேதியைக் கவனியுங்கள். ஓவர்டைம் நின்றாலோ, கம்பெனி இக்காமாவை (அங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதி அட்டை) புதுப்பிக்க இழுத்தடித்தாலோ புதுக்கடன் வாங்காதீர்கள். வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் சர்வீஸ் பணம் முதல் 5 வருடங்களுக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். அதற்குமேல் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம். நீங்களாக ராஜினாமா செய்தால் வருடக் கணக்கைப் பொறுத்து இது குறையும். எக்ஸிட் (வேலை முடித்து ஊர் திரும்பும் விசா) அடிக்கும் முன், ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, இக்காமா எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பாக்கி இருந்தால் தூதரகத்தில் பதிந்துவிட்டே விமானம் ஏறுங்கள்.