பெட்டியோடு வரும் ஊர்க்காற்று

கண்காட்சிகளுக்கு மேடை, தடுப்பு, விளக்கு வேலை எடுத்துச் செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஊர் ஊராகப் போகிற அருங்காட்சியகக் கண்காட்சி ஒன்றுக்கு வேலை பார்த்தேன். ஞாயிறு காலையே பெட்டிகள் இறங்கிவிட்டன. ஒன்றையும் தொட விடவில்லை. திங்கட்கிழமை ஒன்பதரைக்குத்தான் திறந்தார்கள். ராகு காலம் பார்த்தார்களோ?"

திங்கட்கிழமை ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது. சந்தேகம் நியாயம்தான். ஆனால் ராகுவையே கேள்விப்படாத நாடுகளிலும் வந்த பெட்டியை ஒரு நாளாவது மூடியேதான் வைக்கிறார்கள்.

எழும்பூர் மெட்ரோவில் இறங்கி, படியேறி, பாந்தியன் சாலை அருங்காட்சியகத்துக்கு நடப்பவர் கண்ணாடி போட்டிருந்தால், விடை அவர் மூக்கின் மேலேயே இருக்கிறது. வெளியே வந்ததும் கண்ணாடி மங்கிவிடும். காற்று 30 டிகிரி செல்சியஸ், ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் இப்போது இருக்கும் பங்கு) 75 சதவீதம் என்றால் அதன் பனிநிலை ஏறத்தாழ 25 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எதன் மேலும் நீர் படியும். விமானத்திலும் ஏசி லாரியிலும் வந்த பெட்டியை அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் வியர்க்கும்.

கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துக்கொள்ளலாம். நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்குள் கிடந்த வெண்கலச் சிலையை அப்படிச் செய்ய முடியாது. மண்ணிலிருந்த உப்பு அதற்குள் தாமிர குளோரைடாக ஒளிந்திருக்கும். ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்தால் அது வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்து, கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் உண்டாக்கும். அமிலம் இன்னும் கொஞ்சம் தாமிரத்தைத் தின்னும். மறுபடி குளோரைடு, மறுபடி பொடி. வெண்கல நோய் என்றே இதற்குப் பெயர். பாடம் செய்த பறவைக்கு வேறு தொல்லை, பூஞ்சணம். டைனோசர் எலும்புக்கூடாக இருந்தால் கவலை குறைவு, பெரும்பாலும் அச்சு வார்ப்புதான் ஊர் சுற்றும். 2018 முதல் பிரிட்டனைச் சுற்றிவந்த லண்டன் 'டிப்பி' டைனோசர்கூட, 292 எலும்புகளும் வார்ப்பு.

சரி, மூடிய பெட்டிக்குள் என்ன நடக்கிறது? நான் சொல்ல ஆசைப்படுவது இதைத்தான்.

ஒரு கன மீட்டர் காலிப் பெட்டி. உள்ளே 20 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம். அந்தக் காற்றில் இருக்கும் நீர் ஒன்பது கிராம்கூட இல்லை. அது 30 டிகிரிக்குச் சூடானால், நீரின் அளவு மாறாமலேயே ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். மரச் சிற்பம் வெடிக்கவும், தந்தத் தகடு வளையவும் அது போதும். மழைநாளில் மிருதங்கத்தின் சுருதி இறங்குவதைக் கேட்டவர்களுக்குத் தோலும் மரமும் காற்றிடம் எவ்வளவு அடிமை என்று தெரியும்.

ஆனால் பெட்டி காலியாக இல்லை. மரமும் துணியும் காகிதமும் தமக்குள் நூற்றுக்கணக்கான கிராம் நீரை வைத்திருக்கின்றன. காற்று வறண்டால் கொஞ்சம் கொடுக்கின்றன, நனைந்தால் கொஞ்சம் வாங்கிக்கொள்கின்றன. சிற்பமே இப்படிக் கொடுத்து வாங்கி நோகாமல் இருக்கத்தான், அதற்குப் பதிலாள் ஒன்றைப் பெட்டிக்குள் வைக்கிறார்கள்: சிலிக்கா ஜெல். புதுச் செருப்புப் பெட்டியில் 'தின்னாதே' என்ற எச்சரிக்கையோடு கிடக்குமே, அதேதான்.

அதில் ஒரு கிராம் எடுத்து, உள்ளே இருக்கும் நுண்துளைச் சுவர்களையெல்லாம் பிரித்து விரித்தால் 600, 700 சதுர மீட்டர் வரும். சென்னைக் கணக்கில் ஏறக்குறைய மூன்று கிரவுண்டு! ஒரு சிட்டிகைக்குள் மூன்று கிரவுண்டு என்றால் எந்தப் புரமோட்டரும் நம்பமாட்டார். துளைகளின் அகலம் மீட்டரில் நூறு கோடியில் இரண்டு மூன்று பங்கு. இவ்வளவு குறுகிய இடத்தில் நீரின் மேற்பரப்பு உட்குழிந்து வளைவதால், காற்று நிறைவுறும் முன்பே ஆவி நீராகிவிடும். சிறிய துளை முதலில் நிறையும், பெரியது பிறகு. காற்று வறண்டால் பெரியது முதலில் காலியாகும்.

செருப்புப் பெட்டி ஜெல் எலும்பாய் உலர்ந்தது, வாங்க மட்டுமே தெரியும். அருங்காட்சியக ஜெல்லை முன்கூட்டியே 50 சதவீத ஈரப்பதமுள்ள இடத்தில் பரப்பி, எடை மாறாத வரை பழக்குகிறார்கள். அப்போது தன் எடையில் ஏறத்தாழ கால் பங்கு நீர் அதற்குள் இருக்கும். இது செம்பரம்பாக்கம் ஏரிக் கணக்கு. முழு ஆழம் 24 அடி என்றாலும், அடைமழைக் காலத்தில் 21, 22 அடியிலேயே மதகைத் திறந்துவிடுகிறார்களே! நிரம்பிய ஏரியால் வெள்ளத்தை வாங்க முடியாது, வற்றிய ஏரியால் கோடையில் கொடுக்க முடியாது. 2015 டிசம்பரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காட்சிப் பேழைக்கு ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ ஜெல் வேண்டும் என்று லண்டன் தேசிய ஓவியக் கூடத்து விஞ்ஞானி கேரி தாம்சன் 1977-இல் கணக்குச் சொன்னார். ஒரே அரங்கில் தந்தமும் சிலையும் வந்தால்தான் சங்கடம். தந்தத்துக்கு 50 சதவீதம் சுகம், நோயுள்ள வெண்கலத்துக்கு 40-ஐத் தாண்டக் கூடாது. அதனால் பேழைக்குப் பேழை தனித்தனி வானிலை.

எங்கள் ஊருக்கு இந்தச் சங்கதி புதிதல்ல. எழும்பூர் அருங்காட்சியகத்தில் சிலைகளைக் காப்பாற்றவே 1930-இல் வேதியியல் ஆய்வகம் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு, 2017-இல் மும்பையிலும் அடுத்த ஆண்டு தில்லியிலும் நடந்த 'இந்தியாவும் உலகமும்' கண்காட்சி வரவில்லையே என்று எனக்கு இன்னும் ஆதங்கம். பொருளைக் கடன் தருகிறவர்கள் அரங்கின் வெப்பம், ஈரப்பதக் குறிப்பேட்டைத்தான் முதலில் கேட்பார்கள். நம்மிடம் திறப்பு விழாவுக்கும் அலங்கார வளைவுக்கும் பணம் வருகிற வேகத்தில், அந்தக் குறிப்பேட்டை எழுதுகிற ஆளுக்குச் சம்பளம் வருவதில்லை என்பது என் கட்சி. லாரிச் சக்கரத்தில் வைக்கும் எலுமிச்சம்பழத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஈரமானியும் வாங்குங்கள், அவ்வளவுதான்.

அடுத்த முறை அரங்குக்குப் போனால் சிலையைப் பார்த்த பிறகு கொஞ்சம் குனிந்து பாருங்கள். பல பேழைகளின் மூலையில் கடிகாரம் போல ஒரு சின்ன முள் இருக்கும். ஜெல் தட்டு கண்ணில் படாது, அடித்தளத்துக்குள் தனி இழுப்பறையில் கிடக்கும். முள் நகர ஆரம்பித்தால் இரவில் யாராவது வந்து தட்டை மாற்றுவார்கள், கண்ணாடியைத் திறக்காமலேயே.