கருகிய துளையில் ஒட்டுப் பிடிக்காது

வேர் நன்றாக ஊன்றிய திராட்சைக் கொடி, ஆனால் பழம் சுமார். பிடுங்கிப் போடவும் மனம் வராது. ரோமானியர்கள் இதற்கு ஒட்டுக் கட்டினார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே விவசாயத்தைப் பற்றி எழுதிய ரோமானியர் கேட்டோ திராட்சைக்கு மூன்று வகை ஒட்டு சொல்கிறார். அதில் ஒன்று கொஞ்சம் விசித்திரமானது: தண்டில் துளை போட்டு, நல்ல ரகத்தின் குச்சியை அதற்குள் செருகுவது.

இதில் குச்சி பட்டுப்போவது சகஜம். பழியைத் துரப்பணத்தின் மேல், அதாவது துளை போடும் கருவியின் மேல், போட்டவர் கொலுமெல்லா. ஸ்பெயினின் காடிஸ் ஊர்க்காரர், கி.பி. 1ஆம் நூற்றாண்டில் விவசாயத்தைப் பற்றி 12 புத்தகம் எழுதியவர். பழைய துரப்பணம் மரத்தைத் தூளாக அரைக்கிறது, துளையின் சுவர் கருகிவிடுகிறது, கருகிய இடத்தில் ஒட்டுப் பிடிப்பது அபூர்வம் என்கிறார். அவர் கையாண்டது 'காலிக்' துரப்பணம், அதாவது இன்றைய பிரான்ஸ் பக்கத்துப் பெயர் கொண்டது. அது தூளாக்காது, சுருள் சுருளாகச் சீவி எடுக்கும். சூடு ஏறாது.

அவர் சொன்னது ஏன் சரி? பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே கேம்பியம் என்றொரு மெல்லிய உயிருள்ள படலம் ஓடுகிறது. புதுத் திசுவை உண்டாக்குவது அதுதான். துளையில் செருகிய குச்சியின் கேம்பியமும் தண்டின் கேம்பியமும் சந்திப்பது துளையின் வாயோரத்தில், ஒரு வளையம் அளவுக்கு மட்டும். அங்கே இரண்டு பக்கமும் செல்கள் பெருகிக் கைகோத்தால்தான் நீர் ஏறும். அந்த வளையம் வெந்துபோனால் உள்ளே குச்சி எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியும் பயனில்லை.

வேடிக்கை என்னவென்றால், கேட்டோ சொன்னது 'சோற்றோடு சோறு சேர வேண்டும்' என்று. தண்டின் நடுவிலிருக்கும் மென்மையான சோற்றைத்தான் சொல்கிறார். அது ஒட்டுவதே இல்லை. காரணம் தப்பு. ஆனாலும் அதற்காகக் குச்சியை அளவெடுத்து இறுக்கிச் செருகியதில் கேம்பியமும் உரசிக்கொண்டது.

கொலுமெல்லாவிடம் இன்னொரு வழியும் உண்டு. பக்கத்துக் கொடியின் கிளையை வெட்டாமலே இழுத்து, இந்தத் துளை வழியாக விடுவது. ஒட்டுப் பிடிக்கும்வரை தாய்க்கொடி தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும். பிடித்தது நிச்சயமான அப்புறம்தான் தாய்க்கொடிப் பக்கம் கத்தி வைப்பார்கள்.