இரண்டு டாலருக்கு இரண்டு மணி நேரம்

1930 டிசம்பர் 10. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு சிறு வியாபாரி வங்கிக் கிளைக்குப் போய், தன்னிடமிருந்த அந்த வங்கியின் பங்குகளை விற்றுத் தரும்படி கேட்டார். ‘நல்ல பங்கு, விற்காதீர்கள்’ என்று சொல்லி அனுப்பினார்கள். வெளியே வந்தவர், வங்கி தன் பங்கை விற்க மறுத்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார் என்பது அன்றைய பத்திரிகைச் செய்தி. பொழுது சாய்வதற்குள் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். வெறும் 2 டாலரை எடுக்க ஒருவர் இரண்டு மணி நேரம் நின்றாராம். மறுநாள் வங்கி திறக்கவில்லை. நான்கு லட்சம் பேரின் சேமிப்பு உள்ளே மாட்டிக்கொண்டது.

வங்கியின் பெயர் ‘பாங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ்’. பெயர்தான் அப்படி, முழுக்கத் தனியார் வங்கி. புலம்பெயர்ந்து வந்த யூதத் தொழிலாளர்களும் சிறுகடைக்காரர்களும் அதில் பணம் போட்டிருந்தார்கள்.

அந்த 2 டாலர்க்காரரைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றும். ஆனால் கணக்கு அவர் பக்கம்தான். நாம் போடும் 100 டாலரில் பத்தோ பதினைந்தோதான் ரொக்கமாகப் பெட்டியில் இருக்கும். மீதி வீட்டுக் கடனாகவும் கடன் பத்திரங்களாகவும் வெளியே போயிருக்கும். பணம் போட்டவர் இன்றைக்கே கேட்கலாம்; வீட்டுக் கடன் வாங்கியவரிடம் போய் ‘இன்றைக்கே கொடு’ என்று கேட்க முடியாது. சாதாரண நாளில் சிலர் எடுப்பார்கள், சிலர் போடுவார்கள், வண்டி ஓடும். எல்லோரும் ஒரே நாளில் வந்தால் முதலில் நிற்பவருக்கு முழுப் பணம், கடைசியில் நிற்பவருக்குக் கதவில் பூட்டு. ஆகவே வங்கி நல்ல வங்கி என்று எனக்கே தெரிந்தாலும், பக்கத்து வீட்டுக்காரர் நம்பவில்லையென்றால் அவருக்கு முன்னால் நான் ஓடியாக வேண்டும். வதந்தி பொய்யாகவே இருக்கட்டும், எல்லோரும் ஓடிவிட்டால் அது மெய்யாகிவிடும்.

நோய் அங்கே நிற்பதில்லை. ரொக்கத்துக்குத் திண்டாடும் வங்கி கையிலுள்ள பத்திரங்களை வந்த விலைக்கு விற்கும், விலை சரியும். அதே பத்திரங்களை வைத்திருக்கும் அடுத்த வங்கியின் சொத்தும் அதனுடன் கரையும்.

1930-களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியான பெருமந்தம் என்றதும் எல்லோரும் நியூயார்க் பங்குச் சந்தை இருக்கும் வால் ஸ்ட்ரீட்டைத்தான் சொல்வார்கள். 1929 செப்டம்பரில் 381 புள்ளிகளைத் தொட்ட, பங்கு விலைகளின் போக்கைக் காட்டும் டவ் ஜோன்ஸ் குறியீடு 1932 ஜூலையில் 41-க்கு விழுந்தது உண்மைதான். ஆனால் பங்கு வைத்திருந்தவர்கள் சிறுபான்மையினர். நாட்டின் தொண்டையை நெரித்தது வங்கிகளின் வீழ்ச்சி என்பதே என் எண்ணம். அன்று அமெரிக்காவில் சுமார் 25,000 வங்கிகள் இருந்தன. பல மாநிலச் சட்டங்கள் கிளை திறக்க விடாததால் பெரும்பாலானவை ஒற்றைக் கட்டட வங்கிகள். ஊரில் கோதுமை விலை விழுந்தால் வங்கியும் விழும். நாடெங்கும் கிளை விரித்த சில பெரிய வங்கிகளைக் கொண்ட பக்கத்து நாடான கனடாவில் அந்த ஆண்டுகளில் ஒரு வங்கிகூடச் சாயவில்லை. அமெரிக்காவில் 1930 முதல் 1933 வரை சாய்ந்தவை ஏறத்தாழ 9,000. மக்கள் பணத்தை வீட்டில் பதுக்கினார்கள், வங்கிகள் கடன் கொடுக்கப் பயந்தன, புழக்கத்தில் இருந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு மறைந்தது. மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வோ, நாட்டைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த தங்கத்தைக் காப்பதற்காக 1931 அக்டோபரில் வட்டியை உயர்த்தியது. தாகத்தில் தவித்தவனுக்கு உப்புக் கொடுத்த வைத்தியம்!

1933 பிப்ரவரியில் மிச்சிகன் ஆளுநர் மாநில வங்கிகளை மூடியதும் பீதி நாடெங்கும் பரவியது. மார்ச் 4-இல் பதவியேற்ற புதிய அதிபர் ரூஸ்வெல்ட் இரண்டே நாளில் எல்லா வங்கிகளையும் மூடினார். 12-ஆம் தேதி இரவு வானொலியில், வங்கி எப்படி இயங்குகிறது என்று பள்ளி ஆசிரியரைப் போல விளக்கினார்; சோதித்துப் பார்த்து நல்ல நிலையில் உள்ள வங்கிகளை மட்டுமே திறக்க விடுவோம் என்றார். மறுநாள் வங்கிகள் திறக்கத் தொடங்கியபோது மீண்டும் வரிசைகள், இம்முறை பணத்தைத் திரும்பப் போடுவதற்கு. ஒரு வாரத்தில் ஆயிரக்கணக்கான வங்கிகளின் கணக்கை யாரால் துருவிப் பார்த்திருக்க முடியும்? ஆனாலும் மக்கள் நம்பினார்கள்.

வங்கி மூழ்கினாலும் போட்ட பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடுதான் டெபாசிட் காப்பீடு. நிரந்தர மருந்தாக வந்த அதை ரூஸ்வெல்ட் முதலில் விரும்பவில்லை என்பது வேடிக்கை. மோசமான வங்கிகளின் தவறுக்கு நல்ல வங்கிகள் தண்டம் கட்ட வேண்டுமா என்பது அவர் வாதம். நாடாளுமன்றம்தான் பிடிவாதமாக நின்றது. 1934 ஜனவரி 1 முதல் ஒருவருக்கு 2,500 டாலர் வரை உத்தரவாதம் கிடைத்தது. கடைசியில் நின்றாலும் பணம் கிடைக்கும் என்றால் முந்தி ஓட அவசியமில்லை. அந்த ஆண்டு காப்பீடு பெற்ற வங்கிகளில் மூடப்பட்டவை ஒன்பதுதான்.

பிராங்க்ஸ் மக்களுக்கு அது காலம் கடந்து வந்தது. பணத்தை முறைகேடாகக் கையாண்டதற்காக அவர்களுடைய வங்கியின் தலைவர் பெர்னார்ட் மார்கஸ் சிறை சென்றார். சொத்துகளைச் சிறுகச் சிறுக விற்று முடித்தபோது, போட்ட பணத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் திரும்பக் கிடைத்தது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் ஆயின.